கேட்டறிவதே நிவாரணம்

(ஜெயமங்கலம் பள்ளிவாசலில் ஆற்றப்பட்ட ஜும்ஆ உரை)

எல்லாப் புகழும் ஏக இறைவனாகிய அல்லாஹ்வுக்கே உரித்தாகுக! அவனது சாந்தியும் கருணையும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் நிலவட்டுமாக! ஆமீன்.

அல்லாஹ்வை அஞ்சி வாழுமாறு முதலில் எனக்கும், பின்னர் உங்களுக்கும் வஸிய்யத் செய்து இவ்வுரையைத் தொடங்குகிறேன்.

ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி அபூதாவூத் என்னும் நபிமொழித் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. தோழர்கள் சிலர் பயணம் சென்றனர். அவர்களுள் ஒருவருக்குக் கல்லடி பட்டுத் தலையில் காயம் உண்டாயிற்று. அன்றிரவு அவருக்குக் குளிப்புக் கடமையாகிவிட்டது. தயம்மும் செய்துகொள்ள எனக்கு அனுமதி உண்டா என்று உடனிருந்தோரிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது அனுமதி இல்லை என்று அவர்கள் கூறிவிட்டனர். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி அண்ணலாரின் செவிக்கு எட்டியபோது அவர்கள் கடுமையாக வருந்தினார்கள். அவரைக் கொன்றுவிட்டார்களே, தெரியாதபோது கேட்டிருக்கக் கூடாதா, அறியாமை என்னும் நோய்க்குக் கேட்டறிவதுதானே நிவாரணம் என்ற கருத்தில் கண்டித்தார்கள்.

அன்பர்களே! அந்த மனிதருக்கு ஆலோசனை சொன்னவர்கள் பகைவர்கள் அல்லர். அவருடைய நன்மையை நாடிய தோழர்களே. ஆயினும் அறியாமல் சொன்ன சொல், கல்லைவிடக் கொடிய காயத்தை உண்டாக்கிவிட்டது. இன்று நம் வீடுகளில் ஒருவருக்குத் தலைக்குள் கட்டி இருப்பதாக ஸ்கேன் அறிக்கை வந்தவுடன் நிகழ்வதும் இதுவே. பெரியகுளம் முதல் கம்பம் வரையுள்ள உறவினர்கள் அனைவரும் ஆலோசனை சொல்வார்கள். கேட்க வேண்டியவரிடம் கேட்பவர் மட்டும் இருக்கமாட்டார். ஜூன் 8-ஆம் நாள் உலக மூளைக்கட்டி விழிப்புணர்வு நாளாக 2000-ஆம் ஆண்டு முதல் கடைப்பிடிக்கப்படுகிறது. அதனை ஒட்டி, இந்நோய்க்கு ஆளானவர்களும் அவர்தம் குடும்பத்தாரும் அறிந்திருக்க வேண்டிய சிலவற்றைச் சிந்திப்போம்.

ஒரு சொல், பல நோய்கள்

மூளைக்கட்டி என்பது ஒரே நோய் அன்று. நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளை மருத்துவ உலகம் பிரித்தறிந்துள்ளது. மூளையின் உறையில் தோன்றும் மெனிஞ்சியோமா என்னும் கட்டி பெரும்பாலும் புற்றுநோய் அன்று; மெதுவாக வளர்வது; பலருக்கு அறுவை சிகிச்சையால் முழுமையாக அகற்றப்படுகிறது. பிட்யூட்டரி சுரப்பியில் தோன்றும் கட்டியும் பெரும்பாலும் அத்தகையதே. அதனை மூக்கின் வழியாகவே சென்று அகற்றுகிறார்கள். கிளியோபிளாஸ்டோமா என்பதோ விரைந்து வளரும் புற்றுக்கட்டி. நுரையீரலிலோ மார்பகத்திலோ தோன்றிய புற்று மூளைக்குப் பரவியிருப்பது வேறொரு வகை. உலக சுகாதார நிறுவனம் இக்கட்டிகளின் தன்மையை 1 முதல் 4 வரை தரப்படுத்துகிறது.

ஆகவே, கட்டி என்ற ஒரு சொல்லைக் கேட்டவுடன் கஃபன் துணியை நினைக்கவும் வேண்டாம். ஒன்றுமில்லை என்று வீட்டிலே இருந்துவிடவும் வேண்டாம். பக்கத்து ஊரில் ஒருவர் இந்நோயால் இறந்தார் என்பதும், இன்னொருவர் குணமானார் என்பதும் உங்கள் வீட்டு நோயாளிக்குச் சான்றாகா. இது தொற்றுநோய் அன்று. அவர் குடித்த குவளையை ஒதுக்கி வைப்பது பெரும் பாவம். பெரும்பாலோருக்கு இன்ன காரணத்தால் வந்தது என்று சொல்ல முடிவதில்லை; எனவே மருமகள் வந்த நேரம், யாரோ விட்ட சாபம் என்று பழி தேடுவதும் கூடாது.

ஜின்னா? நோயா?

பெருமக்களே! அதுவரை வலிப்பே வராத பெரியவர் ஒருவருக்குத் திடீரென வலிப்பு வரலாம். காலையில் எழும்போதே தலைவலியும் வாந்தியும் இருந்து, நாளுக்கு நாள் மிகுதியாகலாம். ஒரு பக்கக் கையும் காலும் வலுவிழக்கலாம், பேச்சு குழறலாம், பார்வை மங்கலாம். சாந்தமான மனிதர் காரணமின்றிச் சீறலாம். தலைவலி எல்லாம் கட்டி அல்ல. மிகப் பெரும்பாலானவை வேறு காரணங்களால் வருபவை. ஆனால் இவ்வடையாளங்கள் தோன்றினால் மருத்துவரைப் பார்ப்பதில் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

நம்மில் சிலரோ ஜின் பிடித்துவிட்டது, செய்வினை வைத்துவிட்டார்கள் என்று மாதக்கணக்கில் தகடும் தாயத்தும் தேடி அலைகின்றனர். ஓதிப்பார்ப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. ஃபாத்திஹா ஸூராவையும் இறுதி இரு ஸூராக்களையும் ஓதி ஊதுங்கள். ஆனால் ஓதியதை ஸ்கேனுக்குப் பதிலாக ஆக்கிவிடாதீர்கள். மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கிராமவாசிகள் கேட்டபோது, செய்துகொள்ளுங்கள், முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் அல்லாஹ் மருந்தை வைத்துள்ளான் என்னும் கருத்தில் நபி (ஸல்) அவர்கள் விடையளித்ததை உஸாமா பின் ஷரீக் (ரலி) அறிவிக்கிறார்கள்.

வலிப்பு நோயுள்ள பெண்மணி ஒருவர் அண்ணலாரிடம் வந்த செய்தி புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. பொறுமை காத்தால் சுவனம் உண்டு, விரும்பினால் குணமடைய துஆச் செய்கிறேன் என்றார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்துகொண்டார். ஆனால் வலிப்பின்போது தம் ஆடை விலகிவிடுவதாகவும், அது விலகாதிருக்க துஆச் செய்யுமாறும் வேண்டினார். நபியவர்கள் அவ்வாறே துஆச் செய்தார்கள். நோயாளியின் மானம் எத்துணை பெரிது என்பதை இதிலிருந்து உணருங்கள்! வலிப்பு வந்தவரைச் சுற்றிக் கூட்டம் கூடாதீர்கள். கைபேசியில் படம் எடுக்காதீர்கள். அவர்மீது ஒரு துணியைப் போர்த்துங்கள். சாவியைக் கையில் திணிப்பதால் வலிப்பு நிற்பதில்லை. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், கைகால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள், நேரத்தைக் கவனியுங்கள். ஐந்து நிமிடங்களைக் கடந்தாலோ, நினைவு திரும்புமுன் மீண்டும் வந்தாலோ 108-ஐ அழையுங்கள்.

எதைக் கேட்பது?

அறியாதவற்றை அறிந்தோரிடம் கேட்குமாறு அந்நஹ்ல் அத்தியாயத்தின் 43-ஆம் வசனம் நமக்குப் பணிக்கிறது. மருத்துவரைக் காணச் செல்லும்போது ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டு செல்லுங்கள். இது எந்த வகைக் கட்டி? எந்தத் தரம்? பயாப்ஸி முடிவு வந்துவிட்டதா? முழுவதும் அகற்ற முடியுமா? அறுவை சிகிச்சையால் பேச்சும் பார்வையும் கைகால் அசைவும் பாதிக்கப்படுமா? கதிர்வீச்சு எத்தனை வாரம்? சிகிச்சையின் நோக்கம் குணமாக்குவதா, வாழ்நாளை நீட்டுவதா, வேதனையைத் தணிப்பதா? இவற்றை எழுதிவைத்துக் கேளுங்கள், விடையையும் எழுதிக்கொள்ளுங்கள். வேறொரு மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்பது முதல் மருத்துவரை அவமதிப்பதாகாது.

மூளையின் வீக்கத்தைக் குறைக்க ஸ்டீராய்டு மாத்திரை தருவார்கள். அதனால் பசி மிகும், உறக்கம் கெடும், சர்க்கரை ஏறும், மனநிலையும் மாறும். இதைக் கண்டு தாமாகவே திடீரென நிறுத்திவிட்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம். வலிப்பு மாத்திரையும் அவ்வாறே. மூலிகை மருந்து உண்பதாக இருந்தாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

புள்ளிவிவரங்களைப் படிப்போர் நிதானித்துப் படிக்க வேண்டும். கிளியோபிளாஸ்டோமாவுக்குக் கதிர்வீச்சுடன் டெமோசோலோமைடு என்னும் மருந்தைச் சேர்த்துத் தந்து செய்யப்பட்ட ஆய்வொன்று 2005-இல் வெளியாயிற்று. நோயாளிகளுள் பாதிப்பேர் கடந்து வாழ்ந்த காலம் 12 மாதத்திலிருந்து ஏறத்தாழ 15 மாதமாக உயர்ந்தது. இதைப் படிப்பவர் கலங்குவது இயல்பே. ஆனால் அதே ஆய்வில், இரண்டு ஆண்டுகளைக் கடந்து வாழ்ந்தோர் நூற்றுக்குப் பத்துப் பேரிலிருந்து இருபத்தாறு பேராக உயர்ந்தனர் என்பதும் உள்ளது. எண்ணிக்கை ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறது. தனிமனிதனின் அஜலை அது அறியாது. அதை அல்லாஹ் ஒருவனே அறிவான். எண்ணைக் கண்டு நிராசை கொள்வதும் தவறு. எண்ணே இல்லாததுபோல் நடந்துகொள்வதும் தவறு.

நோயாளியிடம் மறைக்கலாமா?

குடும்பத்தார் எல்லோரும் அறிந்திருக்க, நோயாளி ஒருவர் மட்டும் அறியாதிருப்பது நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. அன்பினால் செய்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் சிந்தியுங்கள்! அவருக்கு அடைக்க வேண்டிய கடன் இருக்கலாம். திருப்பித் தர வேண்டிய அமானிதம் இருக்கலாம். மன்னிப்புக் கேட்க வேண்டிய மனிதர் இருக்கலாம். மரண சாசனம் செய்ய வேண்டியது உள்ளவர், அதை எழுதிவைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது முறையன்று என்பது இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் நபிமொழியின் கருத்து. பிற நோய்களில் அறிவு கடைசிவரை தெளிவாக இருக்கலாம். மூளைக்கட்டியிலோ நினைவும் பேச்சும் முன்னரே மங்கிவிடக்கூடும். அவர் தெளிவுடன் இருக்கும் நாள்களை அவரிடமிருந்து பறிப்பதற்கு நமக்கு உரிமை இல்லை. அவர் எவ்வளவு அறிய விரும்புகிறாரோ அவ்வளவை, மென்மையாக, பொய் கலவாமல் சொல்லுங்கள். அறிய வேண்டாம் என்று அவரே சொன்னால் வற்புறுத்தாதீர்கள்.

கட்டி மூளையின் முன்பகுதியில் இருந்தால் குணமே மாறிவிடலாம். மனைவியை ஏசாதவர் ஏசுவார். வெட்கம் உள்ளவர் வெட்கமின்றிப் பேசுவார். சகோதரிகளே! அது உங்கள் கணவரின் கோபம் அன்று; நோயின் கோபம். அறிவு தடுமாறிய நிலையில் அவர் வாயிலிருந்து தலாக் என்ற சொல் வந்துவிட்டால், உடனே குடும்பத்தைப் பிரித்துவிடாதீர்கள். மருத்துவ அறிக்கையுடன் தகுதியுள்ள ஆலிமிடம் வாருங்கள். புத்தி பேதலித்தவரின் மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது என்பது மார்க்கத்தின் அடிப்படை.

வணக்கங்களில் இலகு

அறுவை செய்த தலையில் தண்ணீர் படக்கூடாது என்று மருத்துவர் கூறினால், கட்டின்மேல் ஈரக்கையால் தடவினால் போதும். அதுவும் தீங்கு தருமெனில் தேவையில்லை. நிற்க இயலாதவர் அமர்ந்தும், அமர இயலாதவர் படுத்துச் சைகையாலும் தொழலாம். மயக்கம் ஒரு பகலையும் ஓர் இரவையும் கடந்து நீடித்தால் அவ்வேளைத் தொழுகைகளுக்கு நம் ஹனஃபி மத்ஹபில் களா இல்லை. நோன்புக்காக வலிப்பு மாத்திரையை நிறுத்தக்கூடாது. குணமாகும் வாய்ப்புள்ளவர் பின்னர் களாச் செய்வார், இல்லாதவர் ஃபித்யா கொடுப்பார்.

ஜமாஅத்தின் கடமை

அல்லாஹ் நம் தமிழகத்திற்குச் செய்த அருளை எண்ணிப் பாருங்கள். 1949-இல் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், 1950-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தியும் மூளை அறுவை மருத்துவத்திற்கு அடித்தளம் இட்டனர். இன்று க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், மதுரையில் அரசு இராஜாஜி மருத்துவமனையும் நமக்கு எட்டும் தொலைவில் உள்ளன. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் இருந்தால் மருத்துவமனையிலுள்ள காப்பீட்டுப் பிரிவில் விசாரியுங்கள். 2023 ஜூன் முதல் போடிநாயக்கனூரிலிருந்து தேனி வழியாகச் சென்னைக்கு நேரடி இரயிலும் இயங்குகிறது. புற்றுநோயாளிகளுக்கும் உடன் செல்பவருக்கும் மருத்துவமனைச் சான்றின் பேரில் இரயில் கட்டணச் சலுகை உண்டு.

கதிர்வீச்சு சிகிச்சை வாரத்திற்கு ஐந்து நாள் வீதம் ஆறு வாரம் வரை நீளும். அதுவரை வெளியூரில் தங்க வேண்டும். கூலி வேலை செய்பவரின் வருமானம் நின்றுவிடும். அந்தக் குடும்பத்தின் குழந்தைகளுக்கு உணவளிப்பது யார்? தென்னைக்கும் நெல்லுக்கும் தண்ணீர் பாய்ச்சுவது யார்? இதனை ஜமாஅத் முறைவைத்துச் செய்ய வேண்டும். ஏழை நோயாளி ஸகாத்துக்குத் தகுதியுடையவர். அவர் கேட்கும்வரை காத்திராமல் அவர் கையில் சேர்ப்பியுங்கள். இரவெல்லாம் விழித்திருக்கும் மனைவியோ தாயோ ஓரிரவு உறங்கும்படி, உறவினருள் ஒருவர் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள்.

நலம் விசாரிக்கச் சென்றால் சிறிது நேரமே இருங்கள். இறந்தவர்களின் கதையைச் சொல்லாதீர்கள். மருந்து சொல்லாதீர்கள். என்ன உதவி வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். அந்தத் தோழரின் தலைக்காயத்தின் முன்னால் அன்று கேட்கப்படாமல் போன கேள்வியை, நம் வீட்டுப் படுக்கைகளின் முன்னால் நாம் கேட்கத் தவறிவிடக் கூடாது.

யா அல்லாஹ்! நோயுற்றோருக்கு முழுமையான ஷிஃபாவைத் தந்தருள்வாயாக! அவர்களுக்குப் பணிவிடை செய்வோரின் உடலுக்கும் உள்ளத்துக்கும் வலிமை தருவாயாக! மருத்துவர்களின் கைகளில் பரக்கத் செய்வாயாக! அறியாததைக் கேட்கும் பணிவையும், அறிந்ததை உண்மையாகச் சொல்லும் துணிவையும் எங்களுக்கு வழங்குவாயாக! தவணை முடிந்தோருக்கு ஈமானோடு கூடிய நல்மரணத்தை நஸீபாக்குவாயாக! ஆமீன், ஆமீன், யாரப்பல் ஆலமீன்!