பெண்களின் முடி மெலிவு: அழகுப் பிரச்சினையா, ஆரோக்கியப் பிரச்சினையா?

(பொன்முடியில் சுகாதார அலுவலர்கள், மாணவர்களிடையே ஆற்றப்பெற்ற உரை)



திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் பயணம் செய்து, 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இங்கே கூடியிருக்கிறோம். இம்மலைச் சரிவிலும் அருகிலுள்ள போணக்காட்டிலும் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்து வந்துள்ளன. கொழுந்து பறிப்பதில் பெண்களின் பங்கே பெரிது. விதுராவிலோ நெடுமங்காட்டிலோ உள்ள அரசு மருத்துவமனைக்குச் சென்று திரும்ப, இவர்களில் ஒருவர் ஒரு நாள் கூலியை இழக்க நேரிடும். காய்ச்சலுக்காக அவர் அந்த இழப்பை ஏற்பார். தலைமுடி மெலிகிறது என்பதற்காக ஏற்க மாட்டார். அதைப் பிறரிடம் சொல்லவும் கூசுவார்.

வளர்ச்சிப் பணிகளைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் கூந்தலைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் கருதலாம். முடி மெலிவு பல வேளைகளில் உடலின் உள்ளே நிகழும் ஒரு மாற்றத்தின் வெளி அடையாளம் ஆகும். அதை அழகுக் குறை என்று ஒதுக்கினால், அதன் பின்னேயுள்ள நோயையும் சேர்த்தே ஒதுக்கி விடுகிறோம்.

முடி மெலிவது எவ்வாறு?

தலையில் சுமார் ஒரு லட்சம் மயிர்க்கால்கள் உள்ளன. ஒவ்வொன்றும் 2 முதல் 6 ஆண்டுகள் வளர்ந்து, சில வாரங்கள் ஒடுங்கி, ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஓய்ந்து, பின்னர் முடியை உதிர்க்கிறது. எனவே நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்வது இயல்பே.

பரம்பரையாக இயக்குநீருக்கு, அதாவது ஹார்மோனுக்கு, எளிதில் உட்படும் மயிர்க்கால்களில் வளர்ச்சிக் காலம் படிப்படியாகக் குறைகிறது. பெண்ணுடலிலும் சிறிதளவு சுரக்கும் ஆண்மை இயக்குநீரான டெஸ்டோஸ்டிரோன், ஒரு நொதியினால் மேலும் வீரியமுள்ள பொருளாக மாறி மயிர்க்காலைச் சுருக்குகிறது. தடித்த முடி முளைத்த இடத்தில் பூனைமயிர் போன்ற மெல்லிய முடி முளைக்கிறது. ஆண்களைப் போல் பெண்களுக்கு நெற்றி ஏறுவது அரிது. உச்சியில் வகிடு அகன்று கொண்டே போகும். ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் 1977இல் இதை மூன்று படிகளாக வகுத்தார். இவ்வாறு முடி மெலியும் பெண்கள் பலருக்கு இரத்தத்தில் இயக்குநீர் அளவு இயல்பாகவே இருக்கும் என்பது குறிப்பிடத்தக்கது. மாதவிடாய் நின்ற பின்னர் இக்குறை மிகுதியாகக் காணப்படுகிறது.

பின்னணியில் உள்ள நோய்கள்

இளம்பெண்ணிடம் முடி மெலிவுடன் மாதவிடாய் ஒழுங்கின்மை, முகத்தில் முடி, விடாத பருக்கள் ஆகியவையும் காணப்பட்டால் சினைப்பை நீர்க்கட்டி நோயை ஐயுற வேண்டும். ஸ்டைன், லெவென்தால் என்னும் அமெரிக்க மருத்துவர்கள் 1935இல் இதை விவரித்தனர். கருவுறும் வயதுப் பெண்களில் 8 முதல் 13 சதவிகிதத்தினருக்கு இந்நோய் உள்ளது என்றும், அவர்களில் 70 சதவிகிதம் வரை நோய் கண்டறியப்படாமலே இருக்கலாம் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் கூறியது. கவனியாது விட்டால் நீரிழிவும் மகப்பேற்றுத் தடையும் நேரக்கூடும். குரல் தடிப்பும் ஆண்மைக் கூறுகளும் சில மாதங்களுக்குள் திடீரெனத் தோன்றினால், கட்டி உள்ளதா என்று தாமதமின்றிப் பரிசோதிக்க வேண்டும்.

தைராய்டு கோளாறு தலை முழுவதும் முடியை உதிர்க்கும். மகப்பேற்றுக்குப் பின் இரண்டு முதல் நான்கு மாதங்களில் கைப்பிடியாக முடி உதிர்வதும் இயக்குநீர் மாற்றத்தினாலேயே. இது பெரும்பாலும் ஓராண்டுக்குள் தானே சீராகும். தாய்க்கு ஆறுதல் கூறினால் போதும். இரும்புச் சத்துக் குறைவும் முடி உதிர்வுக்குத் துணை போகக்கூடும். 2019–21ஆம் ஆண்டு தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவிகிதத்தினருக்கு இரத்த சோகை இருந்தது. தமிழ்நாட்டில் இது 53.4, கேரளத்தில் 36.3 சதவிகிதம். மாநிலத்தின் சராசரி நன்றாயிருப்பதைக் கொண்டு, மலைத்தோட்டக் குடியிருப்பின் நிலையும் அவ்வாறே என்று முடிவு செய்வது தவறு.

சிகிச்சையும் அதன் எல்லையும்

தலையில் தடவும் மினாக்சிடில் முதன்மையான மருந்து. இரத்த அழுத்தத்திற்கென மாத்திரையாகத் தரப்பட்டபோது, உடலில் முடி வளர்வது கண்டறியப்பட்டது. 2 சதவிகிதக் கரைசலைப் பெண்கள் பயன்படுத்த அமெரிக்கா 1991இல் அனுமதித்தது. முதல் சில வாரங்களில் உதிர்வு கூடலாம். பயன் தெரிய நான்கு முதல் ஆறு மாதங்கள் ஆகும். நிறுத்தினால் பெற்ற பயன் மறையும். இவற்றை முன்னரே சொல்லாவிடில் பெண்கள் மருந்தைப் பாதியில் கைவிடுவர். கருவுற்றோரும் பாலூட்டுவோரும் இதைத் தவிர்க்க வேண்டும். ஆண்மை இயக்குநீரைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் கருவிலுள்ள ஆண் சிசுவைப் பாதிக்கக்கூடும். ஆதலால் மருத்துவரின் மேற்பார்வையின்றி உட்கொள்ளலாகாது. மயிர்க்கால் முற்றிலும் அழிந்த பின் எம்மருந்தும் அதை மீட்பதில்லை. விரைவில் தொடங்கும் சிகிச்சையே பயன் தரும்.

எண்ணெய் தேய்க்கும் வழக்கம் கேரளத்திலும் தமிழகத்திலும் பழமையானது. எண்ணெய் முடியின் தண்டைக் காக்கும். இயக்குநீரால் சுருங்கும் மயிர்க்காலை மீட்காது. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் ஜே அட்டவணையில், குணப்படுத்துவதாக உரிமை கோரக்கூடாத நிலைகளுள் வழுக்கையும் புதிய முடி வளர்த்தலும் இடம்பெற்றுள்ளன. எனினும் அத்தகைய வாக்குறுதிகளை நம்பிக் கூலிப் பணத்தைச் செலவிடுவோர் உள்ளனர். பணம் போவதைக் காட்டிலும், நோயறியும் காலம் வீணாவதே பெரிய இழப்பு.

நாம் செய்ய வேண்டுவது

இதற்கெனப் புதிய திட்டம் ஒன்றும் தேவையில்லை. வீடுதோறும் செல்லும் ஆஷா பணியாளர்கள் பெண்களிடம் மூன்று கேள்விகளைக் கேட்கலாம்: வகிடு அகன்று வருகிறதா? மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? அண்மையில் மகப்பேறோ கடுங்காய்ச்சலோ நேர்ந்ததா? ஐயம் எழுந்தால் இரத்தச் சிவப்பணுச் சத்து, இரும்புச் சேமிப்பு, தைராய்டு ஆகியவற்றைப் பரிசோதிக்கலாம். இரத்த மாதிரியைத் தோட்டத்திலேயே எடுத்துக் கீழே அனுப்ப அலுவலர்கள் ஏற்பாடு செய்தால், ஒரு நாள் கூலி என்னும் தடை நீங்கும்.

மாணவ நண்பர்கள் தத்தம் இல்லங்களிலிருந்து தொடங்கலாம். தாயோ தமக்கையோ முடி கொட்டுகிறது என்று கூறினால், “வயதாகிறது” என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். வேறென்ன மாற்றங்கள் தெரிகின்றன என்று கேட்டு, மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.