நம் ஊர் ஏரியும் நம் வகுப்பறையும்



காலநிலை மாற்றம் பற்றிய பாடத்தைப் பல ஆண்டுகள் நான் கரும்பலகையிலேயே நடத்தி முடித்தேன். ஒருநாள் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான்: "போன வாரம் அவ்வளவு மழை பெய்ஞ்சுதே ஐயா, நம்ம ஏரி ஏன் நிரம்பல?"

என்னிடம் பதில் இல்லை. மறுநாள் வகுப்பையே ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்றேன். வரத்துக்கால்வாய் தூர்ந்து, சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. மழை வந்தும், ஏரிக்கு வர நீருக்கு வழியில்லை.

காற்று சூடேறச் சூடேற அதிக ஈரத்தைத் தாங்கும்; பெய்யும்போது கொட்டித் தீர்க்கும். 2015இல் வெள்ளத்தில் மிதந்த சென்னை, 2019இல் குடிநீர் ஏரிகள் வறண்டு தவித்ததை நாம் கண்டோம். பெருமழையைத் தேக்கிக் கோடைக்குக் காத்துவைப்பது ஏரி. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளன.

இவற்றைக் காக்க நம் முன்னோர் முறை வகுத்திருந்தனர். 10ஆம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டு ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகிறது. குடிமராமத்து என்ற பெயரில் ஊர் கூடித் தூர்வாரியது, கரையைப் பலப்படுத்தியது, வண்டல் வயலுக்கு எருவானது. நீர் குறைந்த காலத்தில் நீர்க்கட்டி மடை திறந்து, வயல்களுக்கு முறைவைத்துப் பாய்ச்சினார். 2017இல் தொடங்கிய அரசுத் திட்டத்துக்கும் குடிமராமத்து என்றே பெயர்.

இதை அன்று கரையில் நின்று சொல்லிக்கொண்டிருந்தபோது, ஒரு மாணவி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "எங்க தாத்தா நீர்க்கட்டிதான் ஐயா."

அந்தத் தயக்கத்தின் காரணம் நமக்குத் தெரியும். ஊர் கூடியது உண்மை. எல்லாரும் சமமாகக் கூடவில்லை என்பதும் உண்மை. பல ஊர்களில் நீர்க்கட்டிகள் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர். ஊர் வயலுக்கெல்லாம் நீர் பங்கிட்ட பலருக்குச் சொந்த வயல் இருந்ததில்லை. மரபின் பெருமையைச் சொல்லும் நாம் இதை மறைக்கக் கூடாது. இனி நாம் கூடும்போது சமமாகக் கூட வேண்டும்.

அடுத்த வாரம் அந்தப் பெரியவர் எங்கள் வகுப்பில் நாற்காலியில் அமர்ந்து பாடம் நடத்தினார். மதகு, கலிங்கல், நீர்வரத்து என ஏரி முழுவதையும் சுண்ணக்கட்டியால் வரைந்து காட்டினார். பேத்தி முதல் வரிசையில் இருந்தாள்.

உங்களிடம் ஒன்றே கேட்கிறேன். இந்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் உங்கள் ஊர் ஏரியின் வரத்துக்கால்வாயை மாணவர்களோடு ஒருமுறை நடந்து பாருங்கள். அடைப்பைக் குறித்து, கிராம சபையில் மனுவாகக் கொடுங்கள். வழி தெரிந்த ஒரு பெரியவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.