தண்ணீர் ஓடாத குழாய்

(தவக்கால வானொலி மறையுரை)



தவக்காலத்தின் இரண்டாம் வாரத்தில் இருக்கின்றோம். ஆன்ம சோதனை செய்யுங்கள் என்று ஒவ்வோர் ஆண்டும் இந்த நாட்களில் சொல்கின்றோம். இன்று அதையே ஒரு வண்டியின் கதையோடு சொல்ல விரும்புகின்றோம். நமது பங்கிலுள்ள ஒரு குடும்பத்துக்கு நடந்தது இது. அவர்களுடைய அனுமதியோடுதான் பகிர்ந்துகொள்கின்றோம்.

அந்த வீட்டில் எண்பது வயதைக் கடந்த ஓர் ஆச்சி இருக்கின்றார். மிட்லண்ட் மறைசாட்சிகளின் திருத்தலத்துக்குக் கோடையில் நமது மக்கள் மேற்கொள்ளும் யாத்திரைக்கு ஒரு தடவையாவது போய், இரவு தங்கி, மாதாவுக்கு வைத்த நேர்த்தியை முடிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. காரில் நீண்ட நேரம் அவரால் இருக்க முடியாது. அடிக்கடி கழிப்பறை வேண்டும், சாய்ந்து படுக்க வேண்டும். ஆகவே மகனும் மருமகளும் பல வருடச் சேமிப்பைப் போட்டு ஒரு ஆர்.வி. வாங்கினார்கள். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் புது வண்டி.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், இதே மாசி மாதத்தில், வண்டியைப் பொறுப்பேற்கும் நாள் வந்தது. அன்று குளிர் சைபருக்குக் கீழே 18 பாகை. மகனும் மருமகளும் எங்களையும் அழைத்தார்கள். குழாய் வேலை தெரிந்த ஒரு பங்குச் சகோதரர் வண்டியைப் பார்க்க வந்தார். குருவானவராகிய நாங்கள் அதை மந்திரிக்கப் போனோம். காரில் வைத்திருந்த தீர்த்தப் போத்தலே கட்டியாக உறைந்துபோயிருந்தது என்றால் அந்தக் குளிரை நீங்கள் கணித்துக்கொள்ளலாம்.

விற்பனையாளர் ஒவ்வொன்றாகக் காட்டினார். விளக்குகள் எரிந்தன. புரொப்பேன் வாயுவில் ஓடும் சூடாக்கி வேலை செய்தது. எல்லாம் பளபளவென்று இருந்தன. ஆனால் மூன்று விடயங்களைப் பார்க்க முடியவில்லை. கூரை மேல் பனி மூடியிருந்ததால் அதன் மூட்டுகள் தெரியவில்லை. கடுங்குளிரில் குளிரூட்டியை ஓட்டிப் பார்ப்பது நல்லதல்ல என்பதால் அதையும் விட்டார்கள். மூன்றாவது, தண்ணீர்.

தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 100க்கு 9 பங்கு விரிவடையும். குழாய்க்குள் அப்படி விரிந்தால் குழாய் வெடிக்கும். அதனால் குளிர்காலத்தில் இந்த வண்டிகளின் தண்ணீரை முழுவதும் வடித்துவிட்டு, இளஞ்சிவப்பு நிறமான உறைதடுப்புத் திரவத்தைக் குழாய்களில் விட்டு வைப்பார்கள். அது செய்ய வேண்டிய வேலைதான். ஆனால் அப்படி வைத்திருக்கும் வண்டியில் தண்ணீரைத் திறந்து, எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க முடியாது.

விற்பனையாளர் படிவத்தை நீட்டினார். எல்லாவற்றையும் பரிசோதித்து, நல்ல நிலையில் ஏற்றுக்கொண்டோம் என்று அதில் இருந்தது. மகன் தயங்கினார். குழாய் வேலை தெரிந்த சகோதரர் மெதுவாக, “தண்ணி ஓடாமல் குழாய் நல்லதோ எண்டு எப்படிச் சொல்லுறது?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது. சூடாக்கிய கொட்டகைக்குள் வண்டியை ஏற்றி, தண்ணீர் விட்டுச் சோதித்து, மறுபடியும் திரவத்தை நிரப்பித் தரும்படி கேட்டிருக்கலாம். குழாய்க்குள் காற்றை அடைத்து, அழுத்தம் குறைகிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கலாம். அல்லது, தண்ணீர், கூரை, குளிரூட்டி மூன்றும் இன்னும் பார்க்கப்படவில்லை, பனி கரைந்த பின்பே பார்க்கப்படும் என்று அந்தப் படிவத்திலேயே எழுதி, இரு தரப்பும் ஒப்பமிட்டிருக்கலாம்.

ஆனால் எங்கள் கால்விரல்கள் விறைத்திருந்தன. மாலைத் திருப்பலிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. “எல்லாம் நல்லாத்தானே இருக்குது தம்பி, கையெழுத்தைப் போடுங்கோ, மாதா பார்த்துக்கொள்ளுவா” என்றோம். சொன்னது குருவானவர் என்பதால் அவர் கையெழுத்திட்டார்.

வைகாசியில் தண்ணீர் நிரப்பினார்கள். குளியலறைச் சுவருக்குப் பின்னாலிருந்த ஒரு மூட்டு ஒழுகியது. வெளியே தெரியவே இல்லை. தெரிந்தபோது கீழ்ப்பலகை ஊறிப் பொதபொதத்துப் போயிருந்தது. தொழிற்சாலையிலேயே மூட்டு இறுகவில்லையா, விற்பனை வளவில் நின்றபோது உறைந்து வெடித்ததா, வீட்டுக்கு வந்த பிறகு வெடித்ததா என்று யாராலும் நிரூபிக்க முடியவில்லை. விற்றவர்கள் அந்தப் படிவத்தைக் காட்டினார்கள். கடிதம், தொலைபேசி, காத்திருப்பு என்று இழுபட்டு, வண்டி திருந்தி வந்தபோது புரட்டாதி மாதம். யாத்திரை முடிந்துவிட்டது. அடுத்த கோடைக்கு முன்னரே ஆச்சி முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கப்பட்டார். இனி அவரால் பயணம் செய்ய இயலாது.

நாங்கள் அவரைப் பார்த்து மன்னிப்புக் கேட்கப் போனோம். ஆச்சி கோபிக்கவில்லை. “சுவாமி, மடுவுக்கு வண்டில் கட்டினால் எங்கட அப்பு முதல் நாளே சாமானை ஏற்றி, பாரத்தோட ஒருக்கா ஓட்டிப் பார்ப்பார். வெறும் வண்டில் சத்தம் போடாது எண்டு சொல்லுவார்” என்றார். அவ்வளவுதான்.

அன்புக்குரியவர்களே, வெறும் வண்டில் சத்தம் போடாது. தண்ணீர் ஓடாத குழாய் ஒழுகாது. நமது குடும்பங்களில் எத்தனை உறவுகள் இப்படி இருக்கின்றன! “எனக்கும் தம்பிக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை, ஃபாதர்” என்பார்கள். எப்போது கடைசியாகப் பேசினீர்கள் என்று கேட்டால், ஏழு வருடம் என்பார்கள். அது சமாதானம் அல்ல. பேச்சு நின்றதால் சண்டையும் நின்றிருக்கிறது. கணவனும் மனைவியும் வேறு வேறு நேரம் வேலைக்குப் போய், குளிர்பெட்டியில் எழுதி ஒட்டும் துண்டுக் கடிதத்தால் மட்டும் பேசிக்கொள்ளும் வீட்டிலும் சண்டை இல்லை. பாவசங்கீர்த்தனத்துக்கு வந்து, வேலையும் வீடுமாக இருக்கிறோம், பெரிதாகப் பாவம் ஒன்றுமில்லை என்று சொல்பவர்களும் உண்டு. உண்மையாகவும் இருக்கலாம். யாரையும் நெருங்காததால் பொறுமை சோதிக்கப்படவில்லை, யாருக்கும் கொடுக்காததால் கஞ்சத்தனம் வெளிப்படவில்லை என்பதாகவும் இருக்கலாம்.

ஒதுங்கியிருப்பதே தவறு என்று சொல்ல வரவில்லை. குளிர்காலத்தில் குழாயை வடித்து வைப்பது புத்தி. பெரிய காயம் பட்டவர்கள் சில காலம் விலகி இருப்பது உயிரைக் காக்கும். ஆபத்தான இடத்துக்குத் திரும்பிப் போகும்படி எவரையும் கேட்கவில்லை. ஆனால் உறைந்திருப்பதை நலமாயிருப்பதாக எண்ணிக் கையெழுத்திட வேண்டாம். பார்க்காததைப் பார்க்கவில்லை என்றே எழுதி வைப்போம். அதுவே ஆன்ம சோதனையின் நேர்மை.

இறைவாக்கினர் எரேமியா தமது நூலின் 6ஆம் அதிகாரத்தில் குருக்களையும் கண்டிக்கின்றார். மக்களின் காயத்தை மேலோட்டமாகக் கட்டிவிட்டு, அமைதி இல்லாத இடத்தில் அமைதி என்று சொல்கிறார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. அந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் அந்தக் குளிர்நாள் எங்கள் நினைவுக்கு வருகின்றது. மாதா பார்த்துக்கொள்ளுவா என்றோம். மாதாவின் பெயரைச் சொல்லி எங்கள் குளிரையும் அவசரத்தையும் மறைத்தோம். விசுவாசம் பரிசோதனையைத் தவிர்க்கும் சாட்டு அல்ல. திருப்பாடல் 139இல் செபிப்பவர், தம்மை ஆய்ந்து பார்க்கும்படி இறைவனிடமே கேட்கின்றார்.

இந்த நாட்டில் தவக்காலம் பனியில் தொடங்கி, பனி கரையும் காலத்தில் முடிகின்றது. பாஸ்கா திருவிழிப்பு இரவில் திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிப்போம். அப்போது நம்மேல் தண்ணீர் தெளிக்கப்படும். அந்த இரவுக்கு முன் ஒரு குழாயையாவது திறந்து பார்ப்போம். பேசாதிருக்கும் ஒருவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். ஒழுகினால் பயப்பட வேண்டாம். எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்தால்தான் திருத்தலாம். ஒப்புரவு அருளடையாளம் அதற்காகவே இருக்கின்றது.

ஆச்சியின் நேர்த்தியை அவருடைய பேத்தி கடந்த கோடையில் மிட்லண்டில் நிறைவேற்றினாள். திருந்திய அதே வண்டியில்தான் போனார்கள். புறப்படும் முதல் நாள் தண்ணீர் நிரப்பி, எல்லாக் குழாய்களையும் திறந்து பார்த்தார்கள். அன்று நாங்களும் கூட இருந்தோம். அதன் பிறகே மந்திரித்தோம்.

இறைவன் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.