மலைக்கும் கடலுக்கும் இடையே

கோபர்கைரனேயில் நின்று மேற்கே நோக்கினால் தாணேக் கழி தெரியும். கிழக்கே நோக்கினால் பார்சிக் குன்றுகள் தெரியும். ஒருபுறம் உப்புநீர், ஒருபுறம் மலை, நடுவே ஒடுங்கிய நிலம். கொங்கண நாட்டின் அமைப்பு முழுவதுமே இத்தகையதுதான். தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம்மவர், பம்பாய்க்கு வந்ததாகச் சொல்வதுண்டு. கொங்கணத்துக்கு வந்ததாக எண்ணுவோர் சிலரே.

இந்நாட்டின் கீழ் எல்லையான சஹ்யாத்ரி நமக்கு அந்நிய மலையன்று. குற்றாலத்தில் அருவியாய் விழும் மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதியே அது. ஆனால் இங்கே பாறை வேறு. ஏறத்தாழ 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வெளிப்பட்ட எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்த கரும்பாறை இது. தென்மேற்குப் பருவக்காற்று இச்சுவரில் மோதுவதால் ரத்னகிரியில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மலைக்கு அப்பாலுள்ள புனேயில் 700 மில்லிமீட்டர் அளவே கிட்டுகிறது. செங்கோட்டையில் நனைந்து திருநெல்வேலியில் உலர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மலை அருகிலிருப்பதால் ஆறுகள் குறுகியவை. அவற்றின் முகத்துவாரங்களில் கடல் ஏற்றம் வெகுதூரம் உட்புகுந்து கழிகளாகிறது. கப்பல்களுக்கு அவையே காப்பிடம்; ஆதலின் இந்நாட்டின் சரித்திரம் கழியோரங்களிலேயே நடந்தது எனலாம். சோபாராவில் அசோகரின் கல்வெட்டுத் துண்டு கிடைத்தது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க மாலுமியின் பெரிப்ளூஸ் என்னும் நூல் சோபாராவையும் கல்யாணையும் கூறி, தெற்கே சேர நாட்டு முசிறிக்குச் செல்கிறது. இரு கரைகளும் அன்றே ஒரே கடல்வழியில் இருந்தன.

வசாயி 1534இல் போர்த்துக்கீசியர் வசமாயிற்று. 1739இல் சிமாஜி அப்பாவின் மராத்தியப் படை அதை மீட்டது. 1661இல் செய்த திருமண உடன்படிக்கையால் பம்பாய்த் தீவு ஆங்கில மன்னருக்குச் சென்று, 1668இல் கம்பெனியின் கைக்கு வந்தது. கோட்டையால் மட்டும் இக்கரையை ஆள முடியாது என்பதைச் சிவாஜி உணர்ந்திருந்தார். 1664இல் கடலின் நடுவே சிந்துதுர்க்கத்தைக் கட்டத் தொடங்கியதோடு கப்பற்படையையும் அமைத்தார். அப்படையில் பின்னாளில் புகழ்பெற்ற கானோஜி ஆங்கரேயை ஐரோப்பியர் கடற்கொள்ளைக்காரர் என்றனர். தம் கரையைக் காத்தவருக்கு அந்தப் பெயர் பொருந்துமா என்பதை நேயர்களே தீர்மானிக்கலாம்.

அரசர்களைப் பற்றி இவ்வளவு போதும். கழியில் வலை வீசியவர்கள் கோலிகள். உப்பு விளைத்தும், உவர்நீரைக் கரைகட்டித் தடுத்து நெல் பயிரிட்டும் வாழ்ந்தவர்கள் ஆகரிகள். மராத்தியில் ஆகர் என்பது உப்பளம். நாம் அளம் என்போம். 1930இல் வேதாரண்யத்தில் நம்மவர் உப்பள்ளிய அதே ஆண்டில், கொங்கணத்தின் ஷிரோடாவிலும் மக்கள் உப்புச் சட்டத்தை மீறினர். இன்று தமிழர் நிறைந்த தாராவியும் முன்பு கோலிகளின் மீன்பிடிக் கிராமமே.

1970இல், பம்பாயின் நெரிசலைக் குறைக்கும்பொருட்டுக் கழியின் கிழக்கே 95 கிராமங்களின் நிலத்தில் புது நகரம் அமைக்க அரசு முடிவு செய்தது. வயலும் உப்பளமும் கையகப்படுத்தப்பட்டன. நஷ்டஈடு போதாதென்று 1984 ஜனவரியில் உரண் பக்கத்து விவசாயிகள் தி. பா. பாட்டீல் தலைமையில் கிளர்ந்தெழுந்தனர். ஜாசாயி அருகே போலீசார் சுட்டதில் ஐவர் மாண்டனர். அதன் பின்னரே, எடுத்த நிலத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டரை பங்கை மேம்படுத்தித் திருப்பித் தரும் திட்டம் வந்தது. மலிவாக வீடு கிடைத்ததென்று நாம் மகிழ்ந்து குடியேறிய மனைகளின் முன்கதை இது. வாடகைச் சீட்டில் இது எழுதப்படுவதில்லை.

கோபர்கைரனேயில் நமது விலாசங்கள் செக்டர் எண்களால் ஆனவை. அவ்வெண்களுக்கு நடுவே கைரனே, போன்கோடே என்ற பழைய கிராமங்கள் குறுகிய சந்துகளோடு இன்றும் இருக்கின்றன. மாலையில் கடைக்குப் போகும் வழியில் அவற்றுள் நுழைந்து, முதியவர் ஒருவரிடம் உப்பளம் எங்கே இருந்தது என்று கேட்டுப் பாருங்கள்.