பழைய கணினியும் புதிய காவலும்



ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தோட்டத்து வீடுகளிற் கணினி புகுந்துவிட்டது. கொழும்பில் வேலைபார்க்கும் பிள்ளை அனுப்பிய பழைய பெட்டியாயினும், தங்கையின் பாடக் குறிப்புகளும் குடும்பத்தின் பிறப்பத்தாட்சிப் பிரதிகளும் அதனுள்ளேதான். மூலப் பத்திரம் மலையீரத்தில் நைந்துபோன வீட்டில் அப்பிரதியே கைம்முதல். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் பின் பத்திரமின்றி அலைந்த மக்களுக்கு அதன் அருமையை நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

2017 மே மாதத்தில் ‘வன்னாகிரை’ என்னும் தீநிரல் சுமார் 150 நாடுகளிற் கணினிகளைப் பூட்டிப் பணயம் கேட்டது. அதனைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் இரு மாதம் முன்னரே வெளியிட்டிருந்தது. அதனை ஏற்றாத கணினிகளே வீழ்ந்தன.

விண்டோஸ் 10க்கு வழமையான திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14உடன் நின்றன. பழைய கணினிகள் பல விண்டோஸ் 11ஐ ஏற்பதில்லை. அவற்றை எறிந்துவிட வேண்டுமோ? வேண்டா. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் அடித்தளமிட்ட லினக்ஸ் விலையின்றிக் கிடைக்கும், தமிழிலும் இயங்கும். ஆயின், விண்டோஸ் மென்பொருள்கள் சில அதில் ஓடா. ஆதலால் முதலிற் பென் டிரைவிலிருந்து இயக்கிப் பார்த்து, பின்னர் நிறுவுங்கள்.

எந்த இயக்குதளமாயினும், அச்சுப்பிரதி எடுக்கக் கடையிற் கொடுத்து வாங்கிய பென் டிரைவைச் சோதியாமல் திறவாதீர்கள். பத்திரங்களை வேறொரு வட்டிற் பதிந்து, கணினியினின்றும் கழற்றி வையுங்கள். பெட்டி போனால் வேறொன்று வாங்கலாம். பத்திரம் போனாலோ மீண்டும் கச்சேரி வாசலில் நிற்க நேரும்.