சங்கிலி போடுவது வைத்தியமல்ல!

(கும்மிடிப்பூண்டியில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் பேசியது)



கூலியையும் போனஸையும் பற்றிப் பேச வேண்டிய மேடையில் பைத்தியக்கார ஆஸ்பத்திரியைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று ஒருவரையொருவர் கேலி செய்து பழகியவர்கள்தானே நாம்! அந்தக் கேலியில் நமக்கும் பங்குண்டு. ஆகவே முதலில் நம் தவறைச் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதி இரும்பாலை ஒன்றில், உலையடியில், ஆறு வருஷம் வேலை பார்த்த ஒரு தோழர் இருந்தார். பெயர் வேண்டாம், அவர் குடும்பம் இன்றும் நம் மத்தியில் வாழ்கிறது. பன்னிரண்டு மணி நேர ராத்திரி ஷிப்ட். தூக்கம் போயிற்று. உலைக்குள்ளிருந்து யாரோ தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்றார். ஒரு நாள் கம்பியைத் தூக்கிக்கொண்டு கேட்டருகே நின்றார். மறுநாளே நிர்வாகம் அவர் பெயரை அடித்துவிட்டது. நள்ளிரவில் அவருடைய தாயார் சங்க ஆபீசுக்கு வந்து, "தம்பி, நீங்கதான் ஏதாவது பண்ணணும்" என்று அழுதார்.

நாம் என்ன செய்தோம்? கயிறு வாங்கினோம். ஆம், தோழர்களே, சங்கத்துப் பணத்தில் கயிறு வாங்கினோம். மூன்று பேர் பிடித்துக் கட்டி, லோடு ஆட்டோவில் ஏற்றி, யாரோ ஒரு தரகன் காட்டிய தனியார் விடுதியில் விட்டுவிட்டு வந்தோம். கடமை முடிந்தது என்று டீ கூடக் குடித்தோம்.

நாற்பது நாள் கழித்துப் பார்க்கப் போனோம். தலை மொட்டை. கணுக்காலில் காப்பு மாதிரி ஒரு தழும்பு. அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "தோழர், நான் என்ன தப்புப் பண்ணினேன்?"

அன்றே கூட்டிவந்து சர்க்கார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மாத்திரையும் தூக்கமும் வேளைச் சோறும் கிடைத்ததும் ஆறே மாதத்தில் ஆள் தேறினார். ஆலை மட்டும் அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. இதில் இன்னொரு வெட்கக்கேடும் உண்டு. இ.எஸ்.ஐ.யின் நீண்டகால நோய்ப் பட்டியலில் மனநோயும் இருக்கிறது. முதல் 91 நாளுக்குச் சம்பளத்தில் நூற்றுக்கு 70, அதன்பின் நூற்றுக்கு 80 என்று 2 ஆண்டு வரை உதவி கிடைக்க வழி உண்டு. நோய்க்கால உதவி பெறுகிறவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்றும் இ.எஸ்.ஐ. சட்டத்தில் இருந்தது. முதலாளிக்கு அது தெரிந்தும் மறைத்தான். நமக்கு அது தெரியவே இல்லை. எது பெரிய குற்றம் என்று நீங்களே சொல்லுங்கள்.

நம் தோழர் உயிரோடு வந்தார். ஏர்வாடியில் அடைபட்டவர்கள் வரவில்லை. 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் ஒரு தனியார் மனநோயாளர் காப்பகத்தின் கூரைக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் பிணைத்திருந்தார்கள். நெருப்பைக் கண்டு ஓட அவர்களுக்குப் புத்தி இருந்தது; கால்தான் இல்லை. 28 உயிர்கள் போயின. அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் கொடியவர்களல்ல. மருந்துக்கு வழியில்லாமல், தர்காவின் மீது நம்பிக்கை வைத்து வந்த ஏழை ஜனங்கள். அவர்களின் நம்பிக்கையை நாம் பழிக்கவில்லை. அந்த நம்பிக்கையைச் சுற்றிக் கொட்டகை போட்டுக் காசு பார்த்தவர்களையும், அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்த அதிகாரிகளையும்தான் சொல்கிறோம்.

சட்டம் அப்போது இல்லாமலா இருந்தது? வெள்ளைக்காரன் 1912-ல் போட்ட சட்டத்தை மாற்றி 1987-ல் மனநலச் சட்டம் நிறைவேற்றினார்கள். அது அமுலுக்கு வரவே 1993 ஆயிற்று! அது இருக்கும்போதேதான் ஏர்வாடி எரிந்தது. எரிந்த பிறகுதான் சர்க்கார்கள் அசைந்தன. சுப்ரீம் கோர்ட் தானாகவே வழக்கை எடுத்தது. காப்பகங்களை மூடினார்கள். அடைபட்டிருந்த நூற்றுக்கணக்கானவர்களைச் சர்க்கார் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்கள்.

இன்று 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. 2018 மே மாதத்திலிருந்து அமுலில் உள்ளது. இதை நம் தொழிலாளி ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். சங்கிலி போடுவதை அது அடியோடு தடை செய்கிறது. மயக்க மருந்து இல்லாமல் மின்னதிர்ச்சி கொடுக்கக் கூடாது. பலவந்தமாக மொட்டையடிக்கக் கூடாது. விரும்பினால் சொந்தத் துணி உடுத்திக்கொள்ளலாம். வீட்டாரோடு பேச வழி செய்ய வேண்டும். நோயாளியைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கக் கூடாது. செய்தால் கூலி கொடுக்க வேண்டும். ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், டாக்டர் அனுமதியோடு, கொஞ்ச நேரம் கட்டுப்படுத்தலாம். தண்டனையாகக் கூடாது. முக்கியமாக, ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டிக் கட்டிப்போடக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

இந்தக் கடைசி வரியைப் பாருங்கள். ராத்திரி வார்டில் ஒரே ஒரு கான்ட்ராக்ட் ஊழியரை நிறுத்தினால் அந்த அம்மாள் என்ன செய்வார்? நம் கோபம் ஆயாவின் மீது பாயக் கூடாது. ஆளைக் குறைத்தவன் எவனோ, அவனைக் கேட்க வேண்டும். ஆலையில் பத்துப் பேர் வேலையை ஆறு பேரிடம் வாங்குகிற அதே கணக்குதான் அங்கேயும் நடக்கிறது.

கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியின் மூலம் கம்பெனிக்காரன் காலத்தில், 1794-ல் தொடங்கியது. அடைத்து வைப்பதே வைத்தியம் என்று உலகமே நம்பிய காலம் அது. இத்தாலியில் திரியெஸ்த் நகரத்தில் 1971-ல் பசாக்லியா என்ற டாக்டர் பொறுப்பேற்றார். வேலை செய்தும் கூலி காணாத நோயாளிகள் அங்கே கூட்டுறவுச் சங்கம் அமைத்துக் கூலி பெற்றார்கள். 1973-ல் எல்லோரும் சேர்ந்து பெரிய நீலக் குதிரை பொம்மை ஒன்று செய்தார்கள். அது வாசலில் நுழையவில்லை. குதிரையை வெட்டவில்லை, தோழர்களே; வாசலை உடைத்து ஊருக்குள் ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள்! 1978-ல் அந்த நாடு பழைய பாணிப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளையே மூடச் சட்டம் போட்டது. அதற்காக நம் ஆஸ்பத்திரியையும் நாளைக்கே மூடு என்று நாம் சொல்லவில்லை. மூடிவிட்டு நோயாளியைத் தெருவில் விட்டால் அது முதலாளிக்குத்தான் லாபம். பக்கத்து ஆஸ்பத்திரியில் மருந்தும் டாக்டரும் வேண்டும்.

2015-16-ல் தேசிய அளவில் நடந்த கணக்கெடுப்பில், மனநோயுள்ள பத்துப் பேரில் ஏழு பேருக்கு மேல் சிகிச்சையே இல்லை என்று தெரிந்தது. அந்த ஏழு பேர் யார்? இ.எஸ்.ஐ. இல்லாத நாற்று நடும் பெண். செங்கல் சூளையில் ஒடிசாக்காரத் தொழிலாளி. அவன் மனம் பேதலித்தால் கான்ட்ராக்டர் ஒரு டிக்கெட் வாங்கி ரயிலேற்றிவிடுகிறான். ஊர் போய்ச் சேர்ந்தானா என்று கேட்பாரில்லை.

ஆகவே திருவள்ளூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு மகஜர் கொண்டுபோகிறோம். மனநோயாளிகளை வைத்திருக்கும் இடம் எதுவானாலும், சர்க்காருடையதோ தனியாருடையதோ, கேட்க வேண்டியதைக் கேட்போம். கக்கூசுக்குக் கதவு உண்டா? ராத்திரி எத்தனை ஊழியர்? மாதவிலக்கு நாளில் பெண்களுக்குத் துணி கொடுக்கிறார்களா? போன் பேச விடுகிறார்களா? குறை இருந்தால் நோயாளியின் சம்மதத்தோடு மனநல மறுஆய்வு வாரியத்துக்கு மனுப்போடலாம். சட்டம் அந்த உரிமையைத் தந்திருக்கிறது. வீட்டில் யாருக்காவது தூக்கம் கெட்டு, பேச்சு மாறினால் கயிறு தேடாதீர்கள். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள், காசு கிடையாது.

ஐந்து பேர் கொண்ட குழு போகிறது. அதில் இரண்டு பெண்கள் கட்டாயம் வேண்டும். இன்னும் ஒருவர்தான் பெயர் கொடுத்திருக்கிறார். நாம் கயிறு போட்டுக் கட்டிய அந்தத் தோழரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒடியா தெரிந்த ஒருவரைச் செங்குன்றம் தோழர்கள் தேடித் தருகிறார்கள். பெயர் கொடுக்க விரும்பும் தாய்மார்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் வாருங்கள்.