கொமேடா என்ற பெயர்

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ‘லோன்தானோ’ என்கிற ஜாஸ் தொகுப்பு. போலந்தின் ட்ரம்பெட் கலைஞர் தோமாஷ் ஸ்தான்கோவின் நால்வர் குழு வாசித்தது. 2005 நவம்பரில் தெற்கு பிரான்சில் பதிவானது, 2006இல் வெளிவந்தது. லோன்தானோ என்றால் இத்தாலிய மொழியில் ‘தொலைவில்’. எங்கள் வார்டில் வேலை செய்யும் போலந்துத் தோழி ஒருத்திதான் இதை எனக்குக் கொடுத்தாள்.

அப்போது ஸ்தான்கோவுக்கு வயது 63. பியானோ, பாஸ், டிரம்ஸ் வாசித்த மூவரும் முப்பதை ஒட்டியவர்கள், பதின்ம வயதிலிருந்தே சேர்ந்து வாசித்தவர்கள்.

மொத்தம் ஒன்பது துண்டுகள். அவற்றில் மூன்றுக்கு ‘லோன்தானோ’ என்றே பெயர். முதலில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசிக்கு முன் ஒன்று. இந்த மூன்றும் நால்வர் பெயரிலும் இருக்கின்றன. முன்பே எழுதிவைக்காமல் அங்கேயே சேர்ந்து உருவாக்கியவை. மற்றவை எழுதப்பட்ட மெட்டுகள். ஆனால் கண்ணை மூடிக் கேட்டால் எது எழுதியது, எது அப்போது பிறந்தது என்று பிரிக்க முடியவில்லை. ஒருவர் வாசிக்கும்போது மற்ற மூவரும் சும்மா இருப்பதில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். டிரம்ஸ்காரர் பல இடங்களில் தாளத்தைத் தட்டிச் சொல்வதே இல்லை. சிம்பலை மெல்லத் தொட்டுவிட்டுக் காத்திருக்கிறார்.

இது எனக்குப் பழக்கமான விஷயம். நான் நர்ஸ். டியூட்டி மாறும்போது எல்லாம் எழுதித்தான் கையில் தருவார்கள். ஆனால் இரவு மூன்று மணிக்கு ஒருவருடைய மூச்சின் ஓசை மாறுவதை அந்தத் தாள் சொல்லாது. காதுதான் சொல்லும்.

நான்காவது துண்டு ‘கத்தோர்னா’. கிறிஸ்தோஃப் கொமேடா ஒரு திரைப்படத்துக்காக எழுதியது. 1965இல் கொமேடாவின் ‘அஸ்டிக்மாட்டிக்’ தொகுப்புக்காக இதை வாசித்தபோது ஸ்தான்கோ 23 வயது இளைஞர். நாற்பது வருடம் கழித்து, தன் பிள்ளைகள் வயதில் இருப்பவர்களோடு திரும்ப வாசிக்கிறார். கொமேடா 1969இலேயே, 38 வயது நிறையும் முன் இறந்துவிட்டார்.

கொமேடா தொழிலால் காது மூக்கு தொண்டை மருத்துவர். சொந்தக் குடும்பப் பெயர் வேறு. தான் ஜாஸ் வாசிப்பது மருத்துவமனைச் சகாக்களுக்குத் தெரியக் கூடாது என்றுதான் கொமேடா என்று வைத்துக்கொண்டார். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

நானும் புனைபெயரில்தான் எழுதுகிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில், இடைவேளையில் நோட்டில் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்த மேலாளர் ஒருவர், “எங்களைப் பற்றியா எழுதுகிறாய்?” என்று கேட்டார். நோயாளிகள் என்னை நம்பிச் சொன்ன எதையும் நான் எழுதியதில்லை. இருந்தும் அன்று நோட்டை மூடியவள், பிறகு எந்த வார்டிலும் அதைத் திறக்கவில்லை.

கொமேடா மருத்துவத்தை விட்டுவிட்டு இசைக்கே போய்விட்டார். என்னால் அப்படி முடியாது. எனக்கு இரண்டும் வேண்டும். அதனால் இந்த வாரம் அந்தப் போலந்துத் தோழியிடம் மட்டும் சொன்னேன். அவளுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் இந்த நேரலையை இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறாள்.